மொட்டைமாடி ஜோசியர்

சிவரஞ்சனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜாதகமா, பழைய பேப்பர்காரனுக்குப் போடு என்று ஊரையே நக்கலடிக்கிற அவள் புருஷன், மில் எலக்ட்ரீசியன் கௌதம்ராஜ், மொட்டைமாடியில் லேப்டாப்பும் கையுமாக அடுத்த வீட்டு மாரிக்கனிக்கு ஜாதகம் பார்க்க உட்கார்ந்துவிட்டான்!

எல்லாம் அந்த வானத்து சாப்ட்வேர் பண்ணின கூத்து. எந்த சாட்டிலைட் எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் தெரியும் என்று அது காட்டும். இவன் தெருவுக்கே அறிவிப்பான். சொன்ன நிமிஷத்துக்கு டாணென்று வந்துவிடும்.

"தம்பி, சுந்தரபாண்டியம் ஊருப் பொண்ணைத்தான் கட்டுவேன்னு எம் மவன் ஒத்தக்கால்ல நிக்கான். ஜோசியர் செவ்வாய் தோஷம்ங்காரு. நாளைக்கு வேண்டாம்னு சொல்லிவிடப் போறேன். நீங்க ஒருவாட்டி பாருங்க. வானத்துல ஒங்களுக்குத் தெரியாததா?"

"செத்த பொறுங்கக்கா. ஏழு பதினாலுக்கு ஒண்ணு வருது, பாத்துருவோம்."

ஏழு பதினாலு. அய்யனார் கோவில் மலைக்கு மேலே பளீரென்று ஒரு வெளிச்சம் கிளம்பி, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமாகப் போய் மறைந்தது. மாரிக்கனி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அது சாட்டிலைட்டுக்கா, சாமியில்ல."

"எதுவா இருந்தா என்ன, சொன்னபடி வருதுல்ல!"

கௌதம்ராஜ் பொண்ணு பிறந்த தேதியைத் தட்டினான்.

"இந்தா, அன்னைக்கு இருந்த செவ்வாய். பெருசாக்கிட்டேன். தோஷம் எங்கயாச்சும் தெரியுதா?"

மாரிக்கனி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

"இல்லையே தம்பி. செவசெவன்னு லட்சணமாத்தான இருக்கு!"

"பொறவு என்ன? பூ வச்சுட்டு வாங்க."

மாரிக்கனி மகனைக் கூப்பிட்டுக்கொண்டே படியிறங்கி ஓடினாள்.

"ஏங்க, புளுகுறதுக்கு ஒரு அளவு வேண்டாமா?" என்றாள் சிவரஞ்சனி.

"நான் எங்கட்டி புளுகுனேன்? தெரியுதான்னுதான கேட்டேன்."

"வாய்க்கொழுப்பு! ஒரு பையன் வாழ்க்கையில வெளையாடுதீக. நமக்கெல்லாம் பத்துக்குப் பத்துப் பொருத்தம் பாத்துக் கட்டிவச்சாக. அதான் பன்னெண்டு வருசமா நல்லாருக்கோம்!"

கௌதம்ராஜ் லேப்டாப்பை மூடினான்.

"பத்துக்குப் பத்தா? ஒனக்குச் செவ்வாய் எட்டுல கெடக்கு, இந்தப் பொண்ணு ஆகவே ஆகாதுன்னுட்டா எங்கம்மா. இந்த சாப்ட்வேரையே அன்னைக்கு அவளுக்குச் செவ்வாயக் காட்டத்தான் எறக்குனேன்."