பிரதிக்கு வந்த வசிப்புரிமை

தூத்துக்குடியிலிருந்து போன ரெமிஜியுஸ், பனி பெய்யும் ஒரு தூர நாட்டின் துறைமுகத்தில் ஆறு வருடம் கிரேன் ஓட்டினான். இன்னும் இரண்டு வருடம் அதே கம்பெனியில் ஓட்டியிருந்தால் குடும்பத்துக்கே நிரந்தர வசிப்புரிமை கிடைத்திருக்கும். மனைவி ஜெசிந்தாவின் ஆபரேஷனுக்கு லீவு தர மாட்டோம் என்று சொன்னதும் அவன் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டான்.

மாறுவதற்குத் தடையில்லை. ஆனால் அவனைப் போலவே யோசித்து, அவன் குரலிலேயே பேசி, அவன் வேலையைச் செய்யப் பழகியிருந்த மின்பிரதியைப் பழைய கம்பெனியிலேயே விட்டுவிட வேண்டும். சேர்த்த ஆறு வருடமும் அதனோடு போய்விடும். அவனுக்கு மறுபடியும் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள்.

இரண்டு வருடம் கழித்துக் கடிதம் வந்தது. பிரதிக்கு வசிப்புரிமை கிடைத்திருந்தது. அதன் குடும்பம் என்ற முறையில் ஜெசிந்தாவுக்கும் மகளுக்கும் கிடைத்திருந்தது. ரெமிஜியுஸின் பெயர் இல்லை. பிரதி விரும்பினால் உறவினர் ஒருவருக்குச் சிபாரிசு செய்யலாம் என்று கடைசியில் ஒரு வரி இருந்தது.

ஜெசிந்தா பழைய கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஜெசி, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்டது பிரதி. "ரெண்டு வருஷமா யாரும் சொல்லல."

"நல்லா இருக்கேன்," என்றாள். பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள்.

"அதுக்கென்ன, கையெழுத்துப் போட்டிருதேன். அவரு எனக்கு என்ன உறவுன்னு ஃபாரத்துல கேட்டிருக்கு. என்ன போட?"

ஜெசிந்தா புருஷனைப் பார்த்தாள். ரெமிஜியுஸ் போனருகே குனிந்தான்.

"தம்பின்னு போடுங்கண்ணே," என்றான்.