ஒன்பதடிச் சாலை

போன் பார்த்தது விளம்பரப் பலகையை அல்ல. அவள் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பலகை அவளுக்குப் பின்னால் வானத்தில் நின்றது. மூடிப்போன ஒரு மோட்டலின் பலகை. அமெரிக்காவின் பழைய அறுபத்தாறாம் நெடுஞ்சாலையில் அவள் வழிகாட்ட, காசு கொடுத்து நடக்க வந்திருந்த ஏழெட்டு அமெரிக்கர்களும் அண்ணாந்து அதைத்தான் படம் எடுத்தார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா மட்டும் போனைத் தாழ்த்திப் பிடித்திருந்தார்.

"நடையில ஒரு கொறையுமில்லடா சாமி," என்றார் போனிடம். "நீயே பாரு."

போனுக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல்.

"இன்னும் கொஞ்சம் மேல காட்டும்மா."

போன் மேலே ஏறியது.

இடுப்பில் நின்றது.

அவள் பேச்சு பாதியில் அறுந்தது.

பலகைகள் ஏன் இவ்வளவு உயரம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வேகமாக வரும் கார் நினைத்த இடத்தில் நிற்காது. ஓட்டுபவர் வெகு தூரத்திலேயே பலகையைப் பார்க்க வேண்டும், தங்கலாமா என்று யோசிக்க வேண்டும், பிரேக்கை மிதிக்க வேண்டும். இதற்கெல்லாம் இடம் வேண்டும். அந்த இடத்தைத் தருவது உயரம். அவளுக்கு மிகவும் பிடித்த பகுதி அது.

"அந்த போர்டுல என்னங் கண்ணு எழுதியிருக்குது? எனக்குத் தெரியமாட்டேங்குது," என்று அந்த அம்மாதான் தொலைவிலேயே கேட்டிருந்தார்.

அடிவரியில் இருந்த சின்ன எழுத்து வரை படித்துச் சொன்னாள்.

அது கண் பார்வைச் சோதனை.

காலையிலிருந்து நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக நாற ஆரம்பித்தது.

மகன் கலிபோர்னியாவில் இருக்கிறான், பார்க்க வந்தோம், அப்படியே ஊர் சுற்றுகிறோம் என்றார்கள் அந்த அம்மாவும் கணவரும். நம்மூர்க்காரர்கள் என்று அவளும் ஒட்டிக்கொண்டாள்.

அந்த அம்மா சீடை கொடுத்தார். "வீட்ல செஞ்சது, கடிச்சுப் பாருங் கண்ணு." கல்லாக இருந்தது. கடித்தாள். எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னலில் காய்ந்த இலை ஒட்டியிருப்பதாகச் சொல்லி எடுத்துவிட்டார். முடி வேரோடு இழுபட்டது. நன்றி சொன்னாள்.

இந்தச் சாலையில் மரமே இல்லை.

அப்புறம் இந்த ஒன்பதடி. பழைய சாலை இங்கே ஒரு கார் அகலம்தான். முழு அகலத்தில் பாதித் தூரம் போடப் பணம் இருந்தது. பாதி அகலத்தில் முழுத் தூரமும் போடலாம். போட்டவர்கள் தூரமே முக்கியம் என்றார்கள். எதிரே கார் வந்தால் இரண்டும் ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கி ஒதுங்கிக்கொள்ளும். சாலையின் ஓரத்தில் வரப்பு மாதிரி ஒரு சிமென்ட் விளிம்பு.

"அது மேல நடக்க முடியுமாங் கண்ணு? நடந்து காட்டேன்."

கைகளை விரித்துக்கொண்டு நடந்தாள். சிரித்துக்கொண்டே. இன்னொரு தடவை என்றார். திரும்பியும் நடந்தாள்.

அந்தச் சிரிப்பை இப்போது துப்பிவிட்டால் தேவலை.

டிக்கெட் வாங்கிப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். யார் சொல்லி வந்தார்கள் என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை.

போன வாரம் ஈரோட்டிலிருந்து அவள் அம்மா கூப்பிட்டிருந்தாள். எத்தனை மணிக்கு நடை, எங்கே ஆரம்பம், டிக்கெட் எப்படி வாங்குவது. சாலைப் பொறியியல் படிக்கப் போனவள் சனி ஞாயிறில் ஊருக்கு ரோட்டைக் காட்டிக்கொண்டிருப்பதை அம்மா அதுவரை ஒரு வேலையாகவே பேசியதில்லை. முதன்முதலாகக் கேட்கிறாளே. ஜல்லி, சிமென்ட், சரிவு, மழைத் தண்ணீர் வடியும் விதம் எல்லாவற்றையும் இவள் மூச்சு விடாமல் சொன்னாள். அம்மா பொறுமையாக "ம்" கொட்டினாள்.

கடைசியில், "அந்த மாம்பழக் கலர் சட்டையப் போட்டுக்க," என்றாள்.

போட்டிருந்தாள்.

"போன உள்ள வைங்க ஆன்ட்டி."

"அட, ரோட்டத்தான் கண்ணு எடுக்கறேன்."

சிரித்தார். பல் இடுக்கில் சீடை.

அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பி, அடுத்தது பெட்ரோல் பங்க் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கூட்டம் நகர்ந்தது.

"அம்மணி."

அந்த அம்மாவின் கணவர். காலையிலிருந்து எல்லோருக்கும் கடைசியாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே வந்தவர். இப்போது சாலை நடுவில், இரண்டு சிமென்ட் பாளங்களுக்கு இடையிலிருந்த சந்தருகே குந்தியிருந்தார்.

"இந்தச் சந்துல எதுக்குங் அம்மணி தார ஊத்தி வெச்சிருக்கறாங்க?"

இந்த வேலைக்கு வந்ததிலிருந்து ஒருவரும் அதைக் கேட்டதில்லை. எல்லோருக்கும் பலகைதான் வேண்டும்.

சிமென்ட் வெயிலில் விரியும். பாளங்கள் ஒன்றையொன்று முட்டினால் போக இடமில்லாமல் கூரை மாதிரி எழும்பி உடையும். அதனால்தான் நடுவில் சந்து. சந்துக்குள் தண்ணீரும் கல்லும் இறங்காமலிருக்கத் தார். வெயிலில் பாளம் நெருக்கும்போது தார் அமுங்கிக் கொடுக்கும்.

எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது.

இது எதற்கான சோதனை? அறிவுக்கா, பொறுமைக்கா, மாமனாருக்குப் பணிவாகப் பதில் சொல்கிறாளா என்பதற்கா?

"தெரியலீங்க," என்றாள்.

திரும்பி நடந்தாள்.

"தெரியலயாமாடா," என்றார் அந்த அம்மா, போனிடம்.

"யாருகூடப் பேசிட்டிருக்கறே?" என்றார் கணவர்.

"நம்ம பையங்கூடத்தானுங்க. புள்ளையக் காட்டிட்டிருக்கறேன்."

"எந்தப் புள்ளைய?"

அவள் நின்றாள். அவருக்குத் தெரியாது; தாரைத்தான் கேட்டிருக்கிறார்.

அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. கட்டைவிரலால் தாரை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதில் சொல்ல அவரிடம் போக வேண்டுமென்றால், மறுபடி அந்தப் போனுக்கு முன்னால் நடக்க வேண்டும்.