வரிசையில் நிற்கும் தூசி

பஸ்ஸுக்கு வரிசையில் நில் என்றால் இந்தக் காலத்து ஆட்களுக்கு ஆகாது. முழங்கையால் இடித்துக்கொண்டுதான் ஏறுவார்கள். இதில் தூசியை வரிசையில் நிற்க வைக்க ஒருத்திக்குச் சம்பளமா என்று உலைக்காரர் தன் மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். மேசைமேல் இருந்த தகட்டில் விரித்திருந்த கறுப்பு ரப்பர் பட்டையின் மேல் அவர் உள்ளங்கை இருந்தது.

ரப்பர் பாகில் கண்ணுக்கே தெரியாத இரும்புத் தூளைக் கலந்தாளாம். பாகு இறுகும்வரை இரண்டு பக்கமும் காந்தம் வைத்தாளாம். தூளெல்லாம் கோடு கோடாக நின்று அப்படியே உறைந்துவிட்டதாம். சூடு இனி அந்தக் கோட்டு வழியாகவே பட்டையின் நுனிக்குப் போய்விடுமாம்.

"காந்தத்தை வச்சு விளையாடுறது சின்னப் பிள்ளைங்க வேலைம்மா," என்றார்.

வார்ப்படப் பட்டறைக்கு இதில் கையுறை செய்வதா வேண்டாமா என்பது அவர் வாய்ச்சொல்லில் இருந்தது. அவர் மாட்டாததை மற்ற உலைக்காரர்கள் மாட்டமாட்டார்கள். இன்று சரிப்படாவிட்டால் மருமகளின் ஆராய்ச்சியை இழுத்து மூடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். அந்த முதலாளியும் பக்கத்தில்தான் நின்றார்.

மருமகளின் நெற்றி வியர்த்திருந்தது. அவளும் தன் கையை அவர் கைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். பட்டையின் நுனி தொங்கிய கண்ணாடிக் குவளைத் தண்ணீரிலிருந்து ஆவி பறந்தது. முதலாளியைக் காக்கா பிடிக்க வேலை நேரத்தில் டீ போடுகிறாள் என்று உலைக்காரர் நினைத்துக்கொண்டார்.

"ஏதாச்சும் சுடுதா மாமா?"

"எங்க சுடுது? செத்த பாம்பு மாதிரி கிடக்கு."

கொஞ்சம்கூடவா என்று முதலாளி கேட்டார்.

"உலையில வெந்த கை முதலாளி இது. சூடு எதுன்னு இதுக்குத் தெரியும். இது வெத்து ரப்பர்." உலைக்காரர் கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

முதலாளி சிரித்தபடி மருமகளிடம் கையுறைகளைச் செய்ய ஆரம்பிக்கச் சொன்னார். அவருக்கும் புத்தி பிசகிவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே உலைக்காரர் வாசலுக்கு நடந்தார்.

"மாமா," என்றாள் மருமகள் பின்னாலிருந்து. "அந்தப் பட்டைக்கு அடியில இருக்கிற தகடுதான் அடுப்பு. நீங்க வந்ததுலேர்ந்து எரியுது."

அவர் திரும்பக்கூட இல்லை.

"அப்ப அடுப்பும் கெட்டுப்போச்சு."