கசப்புக்கு ஒரு கும்பிடு

"ஒரே மடக்கு. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு உள்ளே தள்ளிடுங்க!"

மனைவி நீட்டிய டம்ளரைப் பார்த்து மாஸ்டர் முகத்தைச் சுளித்தார். ஊருக்கே சமைத்துப் போட்ட ஹோட்டல் மாஸ்டர். பித்தம் இறங்கும் பாதையைக் கட்டி ஒன்று அடைத்துக்கொண்டதிலிருந்து சோற்றைக் கண்டாலே குமட்டல். குழாய் போட்டுப் பித்தத்தை வெளியே எடுத்துவிட்டார்கள். மஞ்சள் காமாலை இறங்கியது. பசி மட்டும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

உடம்பு தேறினால்தான் ஆபரேஷன் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். தேறுவதற்கு ஏதாவது உள்ளே போக வேண்டுமே!

"எலுமிச்சை தெரியுது, இஞ்சி தெரியுது. அந்தக் கசப்பு என்னடி? என் நாக்குக்கே பிடிபடலியே!"

"மருந்துங்க. பேரு வாயில நுழையல."

முனகிக்கொண்டே குடித்தார். மறுநாளும் குடித்தார். அதற்கடுத்த நாளும் மனைவி விடவில்லை.

ஒரு காலையில், ஆஸ்பத்திரி வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் பிரித்த ரொட்டியின் வாசனைக்கு மாஸ்டரின் வயிறு கடமுடா என்று சத்தம் போட்டது. அவரே பயந்துபோனார். ரொட்டியும் முட்டையும் வரவழைத்து, தட்டை வழித்துத் துடைத்துவிட்டு, "அப்பாடா, போதும்!" என்றார். அதைக் கேட்டு மனைவிக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த வாரம் டாக்டரம்மா எடையைப் பார்த்துச் சிரித்தார். "ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சிடலாம் மாஸ்டர்."

"அந்தக் கசப்புத் தண்ணி அப்படி என்னதான் பண்ணுது டாக்டர்?"

"குடல்ல போய்ப் பட்டதும் அங்கே இருக்கிற செல்லை எல்லாம் தட்டி எழுப்பும். அதுங்க ஹார்மோனை ரத்தத்துல விடும். மூளைக்குச் சேதி போயிடும். எப்பப் பசிக்கணும், எப்பப் போதும்னு தோணணும், எல்லாத்துலயும் அந்தச் சேதிக்குப் பங்கு இருக்கு."

"அடேங்கப்பா!" மாஸ்டருக்கு மயிர்க்கூச்செறிந்தது. "காலம் பூரா நான் பசிக்குச் சமைச்சேன். பசியையே சமைக்கிறவன் ஒருத்தன் இருக்கான் பாருங்க! எந்த ஊர்க் கம்பெனி டாக்டர்? நேர்ல போய்க் கும்பிடணும்."

மனைவி டாக்டரம்மாவைப் பார்த்தாள். 'இனிமேல் சொல்லலாம்' என்று அவர் தலையசைத்தார்.

"எங்கேயும் போக வேணாங்க. உங்க கல்லீரலுக்கே ஒரு கும்பிடு போடுங்க. குழாய் வழியா வெளியே வந்த உங்க பித்தத்தைத்தான் சிஸ்டர் வடிகட்டிக் குடுத்தாங்க. நான் ஜூஸ்ல கலந்து உங்களுக்கே திருப்பிக் குடுத்தேன்!"