கண்ணி சாயும் பக்கம்

"அவசரமே இல்லைம்மா. நிதானமா பார்த்துச் சொல்லுங்க" என்று இன்ஸ்பெக்டர் அந்த ஒற்றைச் சாக்ஸை மேசைமேல் வைத்தார். கடுகு நிற உல்லன் நூலில், குரோஷா ஊசியால் பின்னியது. ஆம்பிளைக் கால் அளவு. குதிகால் பக்கமெல்லாம் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த அந்தத் தாய் அதைத் தொடாமலே பார்த்தாள். இது தன் பிள்ளையுடையது இல்லை என்று ஆகிவிட வேண்டும், அவ்வளவுதான். இருப்பது ஒரே பையன். அவனையும் பறிகொடுத்துவிட்டு அப்புறம் யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு உயிரோடு இருப்பது?

"எங்க கிடைச்சுது?"

"வாய்க்கால் ஓரம், சேத்துல புதைஞ்சிருந்தது. நூல் கடைக்காரர் இந்தக் கலரை நீங்கதான் வாங்குவீங்கன்னு சொன்னார். பையன் ஃபோன் அணைஞ்சு கிடக்கு. வேலைக்கும் போகலையாம்."

"ஆமா சார்" என்றாள்.

உள்ளே கூப்பிடும்வரை வெளியே வராந்தா பெஞ்சில் இவளோடு காத்திருந்தாள் ஒரு சின்னப் பெண், மடியில் கைக்குழந்தை. பாலத்தில் ஏதோ வாய்த்தகராறு, அவள் புருஷனை எவனோ பிடித்துத் தள்ளிவிட்டு இருட்டில் ஓடிவிட்டானாம். மண்டையில் அடி. மனுஷன் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறான். அந்த நிலையிலும் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பையன் நல்லபடியா வந்துடுவான்க்கா, மனசை விட்டுடாதீங்க" என்றாள். இவளால் அவளை ஏறிட்டுப் பார்க்கக்கூட முடியவில்லை.

"என்னம்மா, நீங்க பின்னினதுதானே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்லை சார்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பெத்த மனசு இல்லைன்னுதான் சொல்லும். எனக்கும் புரியுது. இன்னொரு தரம் பாருங்க."

அவள் சாக்ஸைக் கையில் எடுத்துப் பிரித்துப் பிடித்தாள். "இந்தப் பின்னல் கண்ணியைப் பாருங்க சார். விரல் நுனியில ஒரு வளையம் போட்டு ஆரம்பிச்சா, திருப்பாம அப்படியே சுத்திச் சுத்தி மேல ஏத்திக்கிட்டே போவோம். சுத்துக்குச் சுத்து கண்ணி கொஞ்சம் கொஞ்சமா ஒரு பக்கம் சாயும். வலது கைக்காரங்க பின்னினா வலப்பக்கம். நான் இடது கைக்காரி, என்னோடது இடப்பக்கம்தான் சாயும்."

இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. திருடனின் கைரேகை தெரியும், நூலின் கைரேகையை அவர் எங்கே கண்டார்! பெண் காவலரைக் கூப்பிட்டார். அந்தக் காவலருக்கு வீட்டில் தலையணை உறைக்குப் பூப் பின்னுகிற பழக்கம் உண்டு.

குனிந்து பார்த்தவர், "இது வலப்பக்கம்தான் சார் சாயுது. இவங்க சொல்றது நிஜம்" என்றார்.

"எதுக்கும் பின்னிக் காட்டச் சொல்லுங்க."

அவள் பையிலிருந்து ஊசியை எடுத்து இடது கையில் பிடித்தாள். முதல் வளையம் நழுவியது. மறுபடியும் போட்டாள், அதுவும் நழுவியது. கடவுளே, இந்த ஒரு தடவை கைவிட்டுடாதே என்று மனசுக்குள் கெஞ்சினாள். பெண் காவலர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, "பதறாதீங்கம்மா" என்றார்.

மூன்றாம் முறை வளையம் நின்றது. அப்புறம் ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று பல்லைக் கடித்துக்கொண்டு பின்னினாள். கட்டைவிரலுக்குப் போடுகிற குல்லா மாதிரி ஒன்று வளர்ந்து வந்தது. கண்ணிகள் இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தன.

பெண் காவலர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு அவள் இடது கையைப் பிடித்தார். "கையைப் பாருங்க சார், விரல் பூரா புதுக் கொப்புளம். பிள்ளை கவலையில ராப்பகலா பின்னியிருக்காங்க பாவம்."

அவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"சரிம்மா, இது உங்க பையனோடது இல்லை. வீட்டுக்குப் போங்க. அவன் வந்தா ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க" என்று இன்ஸ்பெக்டர் சாக்ஸைக் கவருக்குள் போட்டார்.

வராந்தாவுக்கு வந்ததும் அந்தச் சின்னப் பெண் எழுந்து ஓடிவந்தாள். "என்னக்கா சொன்னாங்க?"

"என் பையனோடது இல்லைன்னு ஆயிடுச்சும்மா."

"நான்தான் சொன்னேனே" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரருக்காகவும் கொஞ்சம் வேண்டிக்குங்கக்கா."

இவள் அதுவரை அடக்கி வைத்திருந்தது உடைந்துவிட்டது. குழந்தையின் தலையைத் தொட்டு, "அவர் பிழைக்கணும்னுதான் நானும் கும்பிட்டுக்கிட்டே இருக்கேன்" என்று ஓவென்று அழுதாள். வந்து போகிறவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள்.

தெருவில் யாரோடும் பேசாமல் நடந்தாள். வீட்டுக்குள் வந்து கதவைத் தாழிட்டாள், ஜன்னலைச் சாத்தினாள். உள்ளறைக் கதவருகே போய் மெல்லத் தட்டினாள்.

"நம்பினாங்களாம்மா, நீ இடது கைக்காரின்னு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவள் கதவோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"நீ தள்ளிவிட்ட மனுஷன் இன்னும் கண்ணைத் திறக்கலைடா."