நீலத் திட்டு

“குழாய்ல ஓட்டை போட்டது யாரு? நீங்களா சொல்றீங்களா, போலீஸைக் கூப்பிடவா?”

ஹிந்துராவ் போட்ட சத்தத்தில் தார்ப்பாய்க் குடிசைகளிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கரும்பு வெட்டுவதற்காக, தீபாவளி முடிந்த கையோடு வறண்ட பீட் மாவட்டத்திலிருந்து வந்து, அவருடைய தரிசில் தங்கியிருக்கும் கூலியாட்கள்.

கைபேசியை அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“சாட்டிலைட் படம். என் வயல் பூரா பச்சை. உங்க குடிசைகிட்ட மட்டும் நீலம். நீலம்னா தண்ணி. உங்க திருட்டு ஆகாசத்துலேர்ந்து பாத்தாக்கூடத் தெரியுது.”

சாட்டிலைட் வைத்து விவசாயம் செய்வதாக அவர் டீக்கடையில் பீற்றிக்கொள்ள ஆரம்பித்து ஒரு வருஷம் இருக்கும். வாராவாரம் வரும் படத்தைத் திறந்து பார்த்தது என்னவோ இன்றைக்குத்தான். பார்த்ததும் நேரே இங்கே ஓடிவந்துவிட்டார்.

அவர்களில் கேசர்பாய் என்பவள் இடுப்பில் காலிக் குடத்தோடு முன்னால் வந்தாள். “முதலாளி, அது வந்து...”

“நீ பேசாதே. வா இங்க.”

இளங்கரும்பின் தோகையை விலக்கினார். சொட்டுநீர்க் குழாயில் ஓரிடத்தில் மஞ்சள் துணி இறுக்கிச் சுற்றியிருந்தது. கேசர்பாயின் சேலையும் அதே மஞ்சள்தான். முந்தானையில் ஒரு முழம் கிழிந்திருந்தது.

“இது உன் சேலைத் துணிதானே?”

“ஆமாங்க.”

“வேணும்கிறப்ப அவுக்கறது, பிடிச்சு முடிச்சதும் கட்டறது. நல்ல சாமர்த்தியம்தான். இருட்டறதுக்குள்ள குடிசையெல்லாம் பிரிச்சாகணும். உங்களைக் கூட்டிவந்த மேஸ்திரிகிட்ட நான் சொல்லிக்கறேன். இந்தத் தாலுகாவுல இனி எவனும் உங்களுக்கு வெட்டு வேலை தரமாட்டான்.”

கேசர்பாயின் புருஷன் தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்க்கப் போனான்.

சாட்சிக்கு ஆள் வேண்டுமே. படம் அனுப்பும் கம்பெனிக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார் ஹிந்துராவ். ஆர்த்தி என்ற பெண் எடுத்தாள்.

“ஏம்மா, என் வயலோட வடக்கு மூலையில நீலம் தெரியுதே, அது எப்பலேர்ந்து? சத்தமா சொல்லு.”

“பழைய படங்களைப் பாத்துச் சொல்றேன் சார்.”

அதுவரை காத்திருக்க ஹிந்துராவுக்குப் பொறுமை இல்லை. குனிந்து துணியைப் பிடித்து ஒரே இழுப்பு. தண்ணீர் பீச்சியடித்து அவர் முகத்தையும் சட்டையையும் நனைத்தது.

“பாருங்கய்யா, எவ்வளவு பெரிய ஓட்டை!”

“சார்,” என்றாள் ஆர்த்தி. “அது தசராவுக்கு முன்னாடியே வந்துடுச்சு. அப்ப இதைவிட நாலு மடங்கு பெரிசு. மண் பரிசோதனையிலயும் அந்த மூலையில போட்ட உரமெல்லாம் கரைஞ்சு போனது தெரிஞ்சுது. எத்தனை தடவை செய்தி அனுப்பினோம், நீங்க பாக்கவே இல்ல. தீபாவளிக்கு அப்புறம்தான் சுருங்கிக்கிட்டே வருது. நீங்கதான் அடைச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்.”

தசராவுக்கு முன்னால் அந்த மூலையில் டிராக்டர் ஓட்டி மண் அணைத்தது ஹிந்துராவேதான். கலப்பை பட்டுக் குழாய் கிழிந்தது அப்போதுதான்.

கேசர்பாய் குடத்தைக் கீழே வைத்தாள். ஓட்டையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, துணியை வாங்கி மறுபடியும் இறுக்கிக் கட்டினாள்.

“எங்க ஊர்ல வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி லாரி வரும். குடத்தை வச்சுக்கிட்டு அடிச்சுக்குவோம். இங்க வந்தா, இது பாட்டுக்கு ஓடிக்கிட்டுக் கெடந்துச்சு. மனசு கேக்கல. கட்டிவிட்டேன்.”

காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தாள்.

“ஏம்மா,” ஹிந்துராவின் குரல் இறங்கியிருந்தது. “இங்கதான் தண்ணி கொட்டிச்சே. குடத்தை நிரப்பிக்கிட்டு அப்புறம் கட்டியிருக்கலாம்ல? எதுக்கு அவ்வளவு தூரம் ஓடைக்கு?”

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“வந்தன்னிக்கே நீங்க சொன்னீங்களே முதலாளி, உங்க தண்ணியில ஒரு சொட்டுகூடத் தொடக் கூடாதுன்னு.”