மந்திரியின் மூலை

காலையில் பளபளவென்று கழுவி வைத்துவிட்டுப் போன தட்டில், நாத்தனார் முயல் புழுக்கையை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

ஷிஃப்ட் மாறியதால் மதியமே வீடு திரும்பிய நர்ஸ், செருப்பைக் கழற்றக்கூட மறந்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

முயல் அவள் மகளுடையது. பெயர் மந்திரி. ஒரு வேலையும் செய்யாமல் வீட்டில் எல்லோரையும் வேலை வாங்குவதால் மகள் வைத்த பெயர். வந்து பத்து நாளாகியும் மந்திரிக்குக் கழிவுக்கென்று வைத்த தட்டில் போகும் பழக்கம் வரவில்லை. குளியலறை ஓரமாக வைத்த தட்டை ஒருமுறை மோந்து பார்ப்பார். பிறகு நேரே நாத்தனாரின் தையல் மெஷினுக்கு அடியில் போய்த் தன் காரியத்தை முடித்துக்கொள்வார்.

நர்ஸும் விடவில்லை. தினமும் காலையில் தட்டைப் பினாயில் ஊற்றித் தேய்ப்பாள். மெஷின் மூலையையும் சுவடு தெரியாமல் துடைப்பாள். சுத்தம் என்று வந்தால் ஆஸ்பத்திரியிலேயே அவளிடம் யாரும் குறை சொன்னதில்லை.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமைவரை கெடு வைத்தாள். அதற்குள் பழகாவிட்டால் முயல் கடைக்கே திரும்பிவிடும் என்று மகளிடம் கண்டிப்பாகச் சொன்னாள்.

மகள் அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. "சரிம்மா" என்றாள்.

அதுதான் நர்ஸை உறுத்தியது. பள்ளிக்கூடம் மாறிய நாளிலிருந்து அந்தப் பெண்ணின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதே பெரும்பாடு. முயலிடம் மட்டும் மணிக்கணக்கில் பேசுவாள். அம்மா பக்கத்தில் போனால் நிறுத்திவிடுவாள்.

நாத்தனாருக்கோ முயலைக் கண்டாலே ஆகாது. முடி பறந்தால் அடுக்குத் தும்மல். தைத்து அடுக்கிய பள்ளிச் சீருடைகளில் ஏதாவது பட்டுவிடுமோ என்ற கவலை வேறு. "மந்திரி எப்ப அண்ணி பதவி விலகுவார்?" என்று தினமும் ஒருதரம் கேட்டுவிடுவாள்.

கேட்டதெல்லாம் வெறும் கேலியில்லை என்று இப்போது நர்ஸுக்குப் பட்டது.

"நல்லா இருக்கு. ஞாயித்துக்கிழமை வரைக்கும்கூடப் பொறுக்க முடியலையா உனக்கு?"

நாத்தனார் திடுக்கிட்டுத் திரும்பினாள். மூக்கைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

நர்ஸ் பொரிந்து தள்ளினாள். தட்டை இப்படி அசிங்கமாக்கி வைத்தால் முயல் எப்படி அதில் போகும், பிடிக்காவிட்டால் அண்ணனிடம் நேராகச் சொல்லியிருக்கலாம், ஒரு குழந்தைக்கு இருக்கிற ஒரே துணையை இப்படியா திட்டம் போட்டுத் துரத்துவது என்று கேட்டாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே கண்ணில் பட்டது: தையல் மெஷின் ஹாலுக்கு நடுவே, நடக்கிற வழியில் நின்றது. அது இருந்த மூலையில் தட்டு.

"மெதுவா அண்ணி, பயந்துடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு நாத்தனார் ஒதுங்கி நின்றாள்.

மந்திரி வந்தார். தட்டின் விளிம்பை மோந்தார். ஒரு காலை உள்ளே வைத்தார், அப்புறம் இன்னொன்று. ஒரு சுற்றுச் சுற்றி, பின்பக்கத்தைச் சுவருக்குக் காட்டி, தட்டில் பரப்பியிருந்த காய்ந்த புல்லை மென்றபடி உட்கார்ந்தார். உட்கார்ந்து, காரியத்தையும் முடித்தார்.

தட்டிலேயே.



தீனிக் கடைக்காரரிடம் விசாரித்ததாக நாத்தனார் மெல்லச் சொன்னாள். மூலையை முயல்தான் தேர்ந்தெடுக்குமாம். அதன் வாசனை கொஞ்சம் தட்டில் இருந்தால்தான் அங்கே போகுமாம். பினாயில் ஊற்றிக் கழுவினால் ஒவ்வொரு நாளும் அதற்குப் புது இடம்தானாம்.

நர்ஸின் குரல் இறங்கிவிட்டது. "உனக்குத்தான் இதைக் கண்டாலே ஆகாதே?"

"இப்பவும்தான் ஆகலை." நாத்தனார் முகத்தைத் திருப்பி ஒரு தும்மல் போட்டாள். "ஆனா உங்க பொண்ணு மெஷினுக்குக் கீழே உக்காந்து அதுகிட்ட பேசுறதெல்லாம் என் காதுலதானே விழுது அண்ணி. புது வகுப்புல ஒருத்தி சிநேகமாகியிருக்காளாம். முயலைப் பாக்க அடுத்த வாரம் வீட்டுக்கு வரேன்னு சொல்லியிருக்காளாம்."